யார் யாருக்கு ‘நீ’?

வடஆற்காட்டுக்காரர்களுக்கு மரியாதையாகப் பேசத் தெரியாது என்ற பேச்சை, கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த காலம் முதல் கேட்டு வருகிறேன். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. அவர்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகும் பொடியனைக்கூட ‘வாங்க தம்பி, சாப்டீங்களா?’ என்று கேட்பார்கள். குடியாத்தத்தைச் சுற்றியுள்ள எங்கள் கிராமங்களிலோ பல் போன கிழவரைப் பார்த்து ‘இன்னா தாத்தா, எங்க போற? துன்னியா?’ என்போம். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ‘துன்னாச்சிமா, நீ துன்னியா?’ என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஆயாவுக்கு நீ, நைனாவுக்கு நீ, ஊருக்கு விருந்தாட வந்த அத்தைக்கும் நீ. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், பெயர் தெரியாத அம்மாவுக்கும் ‘கொஞ்சம் தள்ளி ஒக்காரும்மா நீ’தான். இதில் வளர்ந்த காதுக்குத் தமிழின் மற்ற பகுதிகளில் ஒலிக்கும் ‘ங்க’ முதலில் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும். யாரோ நம்மைத் தள்ளி நிற்க வைத்துப் பேசுவதுபோலத் தோன்றும்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம், ‘அது மரியாதைக் குறைவு இல்லை, உரிமை’ என்று பதில் சொல்வேன். நண்பர்கள் தலையாட்டிக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பதிலில் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதி என்னவென்று வெகுநாளாக மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே ஓர் எழுத்து. தமிழில் இதைவிடச் சின்னச் சொல் இருக்க முடியாது. அதற்குள் இவ்வளவு பாசமும் இவ்வளவு அவமானமும் எப்படிச் சேர்ந்து குடியிருக்கின்றன? அதைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க வைத்தது வேலூரில், ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் நடந்த பேச்சு.

காந்தி ரோட்டில்

பெரியப்பாவுக்கு முதுகுத்தண்டில் பிரச்சினை. கால் மரத்துப்போய், வரப்பில் நடக்க முடியாமல் விழுந்து எழுந்துகொண்டிருந்தார். சி.எம்.சி.யில் காட்டலாம் என்று அழைத்து வந்து, ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட் வரும்வரை பக்கத்திலேயே ரூம் போட்டுத் தங்கினோம். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கமெல்லாம் நடந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வேறு எந்த ஊரிலும் இத்தனை வங்காளிப் பலகைகளைப் பார்க்க முடியாது. மருந்துக் கடை, மீன் சோறு போடும் மெஸ், ரயில் டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் கடை எல்லாவற்றிலும் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்து. காட்பாடியில் ரயில் நின்றதும் வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுராவிலிருந்து பைல்களோடும் தலையணைகளோடும் குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள். அவர்களை ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரர்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காமல் வங்காளி பேசுகிறார்கள். ‘தாதா, கோத்தாய் ஜாபேன்?’ அண்ணா, எங்கே போகிறீர்கள்?

அந்த லாட்ஜில் வெந்நீர் கொண்டுவருவது, கட்டில் இழுத்துப் போடுவது, பிளாஸ்க்கில் டீ வாங்கி வருவது எல்லாம் ஒரே பையன்தான். ஜார்க்கண்டில் கும்லா பக்கம் ஊர். தமிழ் நன்றாகவே பேசினான், ஆனால் எல்லோரையும் நீ, வா, போ என்றுதான். பெரியப்பா எழுந்து உட்காரப் பார்த்தபோது, ‘தாத்தா, நீ எழுந்திரிக்காத. நீ படு. நான் ஊத்தித் தரேன்’ என்றான். வாசலில் நின்றிருந்த மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. ‘டேய், பெரியவரப் பாத்து நீ வா போன்றியே, மரியாதையாப் பேசுடா. நீ எங்கடா தமிழ் கத்துக்கினே?’ என்று அதட்டினார். பையன் கையில் சொம்போடு விழித்துக்கொண்டு நின்றான்.

பெரியப்பாதான் பேசினார். ‘எங்க கத்துக்கினானா? உங்கிட்டதான். நீ அவன இன்னான்னு கூப்புடுற? இப்போகூட டேய், நீன்னுதான கூப்டே. அவன் காதுல வுழுந்தத அவன் பேசறான். அவனுக்கு வேற எவன் சொல்லிக் குடுத்தான்? வுடு.’

மேனேஜர் ஏதோ முனகினார். பெரியப்பா விடவில்லை, அவனிடம் திரும்பிக் கேட்டார். ‘உங்க ஊர்ல என்னிய மாதிரி கெழவன இன்னான்னுடா சொல்லுவ?’

‘ஹிந்தியிலா? எங்க வீட்டு பாஷையிலா?’

‘வூட்டு பாஷையில சொல்லு.’

‘நீன்.’

கேள்வி புரியாமல் தமிழையே திருப்பிச் சொல்கிறான் என்று நினைத்து மேனேஜர் கையை உதறினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ‘நான்-க்கு என்ன சொல்லுவ?’ என்று நான் கேட்டேன். ‘ஏன்’ என்றான். ‘நானும் நீயும் சேந்து போனா?’ ‘நாம்.’ பெரியப்பா படுத்தபடியே தலையைத் தூக்கி, ‘இது நம்ம பாஷதாண்டா!’ என்றார். அவர் இலக்கணம் படித்தவர் இல்லை. ஊரில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டவர். அவருக்கு அது கேட்ட உடனே தெரிந்துவிட்டது.

நீன், நீனு, நுவ்வு, நீ

அந்தப் பையனுடைய தாய்மொழி குடுக். ஒராவோன் மக்கள் பேசுவது. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் இந்திக் கடலுக்கு நடுவே நிற்கும் திராவிட மொழி. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, வெந்நீர்ச் சொம்போடு நிற்கும் ஒருவன் வாயிலிருந்து கேட்பது வேறொன்று. அன்றிரவு பெரியப்பா தூங்கிய பிறகு எனக்குத் தெரிந்த வடிவங்களை எல்லாம் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். கன்னடத்தில் நீனு. மலையாளத்தில் நீ. தெலுங்கில் எழுத்து வழக்கில் நீவு, பேச்சில் நுவ்வு. ஆனால் சித்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பெயர் கேட்கும்போது ‘நீ பேரேமி’ என்பாரே, அந்த ‘நீ’ அப்படியே இருக்கிறது. (1911 வரை சித்தூர் வடஆற்காட்டில்தான் இருந்தது. எங்கள் வீடுகளில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவதற்கு யாரும் ஆந்திராவுக்குப் போய்வர வேண்டியிருக்கவில்லை.) துளுவில் முதல் எழுத்து உதிர்ந்து வெறும் ‘ஈ’. பாகிஸ்தானின் பலூசிஸ்தானத்தில், கலாத் மலைகளில் பேசும் பிராகுயி மொழியில் ‘நீ’ அப்படியே நீ. அங்கே ‘ஈ’ என்றால் நான். ஒரு மொழியில் உன்னைச் சுட்டும் ஓசை, இன்னொன்றில் என்னைச் சுட்டுகிறது.

பிராகுயியில் என்னை அதிகம் அசைத்தது ஒருமை இல்லை, பன்மை. ‘நீங்கள்’ என்பதற்கு அவர்கள் சொல்வது ‘நும்’. நம்முடைய சங்கப் பாட்டில் வரும் அதே நும். நுந்தை என்றால் உன் தந்தை. இன்றைக்கு நாம் ‘உம்’ என்கிறோம், தலையில் இருந்த ‘ந்’ தேய்ந்து உதிர்ந்துவிட்டது. துளு தன் ‘ஈ’யில் செய்ததை நாம் வேற்றுமை ஏற்கும் வடிவத்தில் செய்திருக்கிறோம். ‘நீ’ என்பதில் ந இருக்கிறது, ‘உன்’ என்பதில் இல்லை. நம் பிள்ளைகள் யாரும் இதை விசித்திரமாக நினைப்பதில்லை. பழைய நின், நும் இரண்டும் நம் வாயிலிருந்து போய்விட்டன. நும் மட்டும் ஆயிரம் மைலுக்கு அப்பால் ஆட்டு மந்தை மேய்ப்பவர்கள் வாயில் உயிரோடு இருக்கிறது. மொழி அறிஞர்கள் இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்து, மூலத் திராவிடத்தில் ஒருமை ‘நீன்’ என்றும் பன்மை ‘நீம்’ என்றும் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அந்தப் பையன் சொன்னது அந்த ‘நீன்’தான். எழுத்தில் இருக்கும் நம் தமிழைவிட அவன் வீட்டுச் சொல் ஒரு ‘ன்’ அதிகமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சீனத்தில் ‘நீ’ என்றால் நீ, கொரிய மொழிப் பேச்சில் ‘நீ’ வருகிறது, ஆகவே எல்லாம் தமிழிலிருந்து போனது என்று சுற்றுகிற செய்திகளை நானும் பார்க்கிறேன். கொரிய நாடகம் பார்க்கும் பிள்ளைகள் ஆசையாக வந்து சொல்கிறார்கள். அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்களின் மொழியில்கூட உன்னைச் சுட்டும் சொல் ‘நி’தான். ஸ்வீடன் மொழியிலும் ‘நீ’ உண்டு. ஆனால் அது பன்மை, நீங்கள் என்று பொருள். பழைய ஸ்வீடிஷில் ‘நீங்கள்’ என்பதற்கு ‘ஈ’ என்ற ஓசைதான் இருந்தது. அதற்கு முன்னால் வந்த வினைச்சொல்லின் கடைசி ‘ன்’ ஒட்டிக்கொண்டு அது ‘நீ’ ஆனது. தமிழின் ந-வோடு அதற்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. ஓரசைச் சொற்கள், அதுவும் குழந்தை வாயில் எளிதாக வரும் மெல்லின ஓசைகள், உலகத்தில் எங்கும் தற்செயலாக ஒத்துப்போகும். உறவை நிரூபிப்பது ஒரு சொல் இல்லை, முழு வரிசை. நீன், நீம், ஏன், நாம் என்று ஒருமையும் பன்மையும், நானும் நீயும் ஒரே ஒழுங்கில் குடுக்கில் கிடைக்கின்றன. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ தனி, அவரை விட்டுவிட்டுச் சொல்லும் வடிவம் தனி என்ற நுட்பம்கூட அங்கே இருக்கிறது. சீனத்திலிருந்து ஒற்றைச் சொல்லைக் கடன் வாங்கிப் பெருமைப்படுகிற நாம், முழுக் குடும்பச் சொத்தோடு நம் லாட்ஜில் கட்டில் இழுக்கிறவனைப் பார்த்து ‘ஹிந்திக்காரன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மரியாதை எங்கிருந்து வந்தது

சங்கப் புலவர்கள் அரசனை நேருக்கு நேர் நின்று நீ என்றுதான் பாடினார்கள். நின் நாடு, நின் வேல், நின் புகழ். யானைப் பரிசு வாங்கப் போனவர்களும் அப்படியே. கண்டிக்கப் போனவர்களும் அப்படியே. காதலன் காதலியிடம் ‘யானும் நீயும் எவ்வழி அறிதும்’ என்று கேட்டதிலும் அதே நீ. அப்போது அந்தச் சொல்லுக்கு உயரம் தாழ்வு இல்லை. எதிரே நிற்பது ஒருவர் என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லவில்லை. ஆனால் தொல்காப்பியர் காலத்திலேயே மரியாதைப் பன்மை பேச்சில் வந்துவிட்டது. ஒருவரைப் பன்மையில் சொல்வது ‘வழக்கின் ஆகிய உயர்சொல் கிளவி’, அது ‘இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல’ என்கிறார். அதாவது மக்கள் உயர்த்திச் சொல்கிறார்கள், சரி, ஆனால் இலக்கணப்படி அது நெறி இல்லை. அவர் தடுக்கவில்லை, பதிவு செய்தார். மரியாதை என்பது மொழிக்குள் இயல்பாக இருந்த உறுப்பில்லை, மனிதர்கள் பழக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி நமக்கு வேண்டாம்.

சேர்த்த பிறகு அது நிற்கவில்லை. நீம் என்ற பன்மையோடு இன்னொரு பன்மை விகுதியான ‘கள்’ சேர்ந்து நீங்கள் வந்தது. பன்மைக்கு மேல் பன்மை. அவர் என்பது பலரைக் குறித்தது. மரியாதைக்காக ஒருவருக்குக் கொடுத்தோம், பலரைச் சொல்லச் சொல் இல்லாமல் போனது, அவர்கள் என்றோம். பிறகு அந்த அவர்களையும் அழைப்பிதழில் ஒரே ஒருவர் பெயருக்குப் பின்னால் போட்டோம். மரியாதைச் சொல் பழக்கத்தில் மலிந்துகொண்டே போகும், மேலே இன்னொன்று தேட வேண்டியிருக்கும். ஜப்பானிய மொழியில் ‘கிசாமா’ என்ற சொல் ஒரு காலத்தில் உயர்ந்தோரை அழைத்த மரியாதைச் சொல். இன்று அதைச் சொன்னால் அடிதடிதான். நம்முடைய ‘நீர்’ அவ்வளவு விழவில்லை. செய்யாறு பக்கம் கூத்தில் ராஜா வேஷம் கட்டினவர் வாயிலும், ஜெபத்திலும் இன்னும் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்த மாமாவிடம் ‘நீர் எப்போது வந்தீர்’ என்று கேட்க முடியாது.

தாங்கள் என்ற சொல்லின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். தான், தாம் என்றால் தன்னையே சுட்டுவது. அதையெடுத்து எதிரே இருப்பவருக்குக் கொடுத்துவிட்டோம். கன்னடத்தில் ‘தாவு’ இதே வழியில் வந்தது. இந்தியின் ‘ஆப்’, வங்காளத்தின் ‘ஆப்னி’ இரண்டும் ‘ஆத்மன்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தவை. அதற்கும் தான் என்றே பொருள். வெவ்வேறு மொழிக் குடும்பங்கள், ஆனால் மரியாதை கொடுக்க நினைத்த மனசு ஒரே பாதையில் நடந்திருக்கிறது. எதிரே இருப்பவரை நேராகச் சுட்டுவது விரல் நீட்டுவதுபோல இருக்கிறது என்று கூச்சப்பட்டிருக்கிறார்கள். ஸ்பானிய மொழியின் ‘உஸ்தெத்’ கூட, ‘உங்கள் கருணை’ என்ற நீண்ட தொடர் தேய்ந்து வந்ததுதான். மலையாளத்தில் ‘நிங்ஙள்’ என்பதே போதாமல் சேட்டா, சார் என்று உறவாலும் பதவியாலும் சுற்றிப் பேசுகிறார்கள்.

கடவுள் விஷயத்தில் இந்தக் கூச்சம் விதவிதமாக நடந்துகொள்கிறது. வேலூர்க் கோட்டைக்குள் கோயிலும் தேவாலயமும் மசூதியும் இருக்கின்றன. ஜலகண்டேஸ்வரர் முன்னால் நிற்கிறவர் ‘நீதான் காப்பாத்தணும்’ என்கிறார். இந்த ஊரின் தமிழ்ச் சபைகளில் ‘கர்த்தாவே, நீர்’. பஜாரில் உருது பேசும் வீடுகளில் மனிதருக்கு ஆப், அல்லாவுக்கு ‘தூ’. தமிழ் பேசும் முஸ்லிம்கள் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவின் பொருளைச் சொல்லும்போது ‘உன்னையே வணங்குகிறோம்’. யாரிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கிறோமோ அவரிடம் பெரும்பாலான நாக்குகள் மறுபடியும் அந்தச் சின்னச் சொல்லுக்கே திரும்பிவிடுகின்றன.

திருப்பிச் சொல்ல முடிகிறதா

பெரியப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா முதுகுத்தண்டுப் படம் வரைந்து, எந்த இடத்தில் நரம்பு அழுந்துகிறது என்று காட்டினார். அந்தத் தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அடுக்கு அடுக்காக இருக்கும். மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் அந்தப் பத்து அடுக்குகளுக்கு ‘ரெக்ஸெட் அடுக்குகள்’ என்று பெயர் சொல்லிப் படிப்பார்கள். 1950-களில் அவற்றை விவரித்தவர் ப்ரூர் ரெக்ஸெட் என்ற ஸ்வீடன்காரர். அதே ரெக்ஸெட் 1967-இல் ஸ்வீடனின் அரசு மருத்துவத் துறைக்குத் தலைவரானார். பொறுப்பேற்றதும், இனி நான் எல்லா ஊழியர்களையும் ‘தூ’ என்றுதான், அதாவது நீ என்றுதான், பெயர் சொல்லி அழைப்பேன் என்று அறிவித்தார். அவர்களுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. முன்னே சொன்ன அந்த ஸ்வீடிஷ் ‘நீ’, அதாவது நீங்கள், பட்டம் பதவி இல்லாத கீழ்த்தட்டு ஆட்களிடம் பேசும் சொல்லாக ஆகிப்போயிருந்தது. பட்டம் உள்ளவரிடம் பேச ‘டாக்டர் காபி சாப்பிடுகிறாரா?’ என்று படர்க்கையில் சுற்றி வளைக்க வேண்டியிருந்தது. அந்தச் சிக்கலை அவர்கள் எல்லோரையும் ஒருமைக்குக் கொண்டுவந்து அவிழ்த்தார்கள். ரெக்ஸெட் தொடங்கிவைத்தவர் இல்லை, அதற்கு முன்பே மாற்றம் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் மேலே இருந்தவர் முதலில் இறங்கி வந்தார் என்பதால் அவர் பெயர் நிலைத்தது.

ஆங்கிலம் எதிர்த்திசையில் போனது. ‘ஆங்கிலத்தில் மரியாதையே கிடையாது, அப்பாவும் யூ, நாயும் யூ’ என்று நம்மில் பலர் சொல்கிறோம். உண்மையில் யூ என்பதுதான் அவர்களுடைய நீங்கள். ‘தௌ’ என்பது நீயாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து மேலோரைப் பன்மையில் அழைக்க ஆரம்பித்து, பிறகு யாரையும் புண்படுத்தாமல் இருக்க எல்லோருக்கும் யூ போட்டு, தௌ பிரார்த்தனைக்கும் பழைய கவிதைக்கும் ஒதுங்கியது. 17-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸைப் பின்பற்றிய க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மட்டும், கடவுள் முன் எல்லோரும் ஒன்று என்று சொல்லி நீதிபதியைக்கூட தௌ என்றே அழைத்தார்கள். ஏச்சும் அடியும் வாங்கினார்கள். ஒரே சமத்துவம்தான், ஒருவர் எல்லோரையும் நீங்களுக்கு ஏற்றினார், ஒருவர் எல்லோரையும் நீயில் நிறுத்தினார்.

1960-இல் ரோஜர் ப்ரௌன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் ஐரோப்பிய மொழிகளின் இந்த இரட்டைச் சொற்களை ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் பார்த்தது எந்தச் சொல் என்பதை மட்டும் இல்லை. அந்தச் சொல் போன வழியில் திரும்பி வருகிறதா என்பதையும் பார்த்தார்கள். நான் உன்னை ‘நீ’ என்று, நீயும் என்னை ‘நீ’ என்றால் அது நெருக்கம். நான் உன்னை ‘நீ’ என்று, நீ என்னை ‘நீங்கள்’ என்றால் அது அதிகாரம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் கண்முன்னே வந்தது. ‘துன்னியா தாத்தா’ என்று கேட்ட பிள்ளையிடம் ‘நீ துன்னியா’ என்று திருப்பிக் கேட்ட கிழவர், அது நெருக்கம். அதே ஊரில், அதே தெரு முனையில், காலனியிலிருந்து அறுப்புக்கு வந்த நரைத்த மனிதரை மீசை முளைக்காத பையன் ‘இன்னாடா, நீ இப்பதான் வரியா’ என்று கேட்டதையும், அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ‘வந்துட்டேன் சின்னய்யா’ என்றதையும் நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் அந்தப் பையனை நீ என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு ஊரில் என்ன நடந்திருக்கும் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். என் பதிலில் விட்டுப்போன மீதிப் பாதி இதுதான். வடஆற்காட்டு நீ உரிமைதான், ஆனால் அந்த உரிமை எல்லோருக்கும் கொடுக்கப்படவில்லை.

ஆகையால், ‘நாமும் ஸ்வீடன் மாதிரி எல்லோரையும் நீ என்போம், பழைய சங்கத் தமிழுக்குப் போய்விடுவோம்’ என்று சிலர் அழகாக எழுதும்போது என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. தலைமுறை தலைமுறையாக நீயை மட்டுமே கேட்டுத் தழும்பேறிய ஒருவருக்கு, இனி எல்லோருக்கும் நீதான் என்றால் அவருக்கு என்ன கிடைத்தது? அவருடைய பேரனைப் பார்த்து வங்கிக் கவுண்டரில் ‘உட்காருங்க’ என்று சொல்வதுதான் அங்கே நடக்க வேண்டிய மாற்றம். இங்கே சமத்துவம் ஆங்கிலத்தின் வழியில், மேலே ஏறித்தான் வர வேண்டும். வீட்டுக்குள் வேறு. என் மகள் என்னை நீ என்றுதான் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் ‘அம்மா அப்பாவை நீங்கள் என்று அழைக்க வேண்டும்’ என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். நான் அதைப் பின்பற்றவில்லை. நான் அவளை நீ என்கிறேன், அவள் என்னை நீ என்கிறாள், எங்கள் இருவருக்கும் நடுவே யாரும் குனிய வேண்டியதில்லை.

ஆட்டோக்காரரின் வங்காளி

‘காதுல வுழுந்தத அவன் பேசறான்’ என்று பெரியப்பா சொன்னதை அதற்கப்புறம் வேலூரில் எங்கே போனாலும் காதில் வைத்துக் கேட்கிறேன். வங்காளத்தில் மூன்று படி உண்டு. துயி, துமி, ஆப்னி. வினையும் கூடவே மாறும். முன்பின் தெரியாதவரிடம் ஆப்னிதான் பேசுவார்கள். அதனால் இங்கே ஆட்டோக்காரரும் மருந்துக் கடைக்காரரும் அந்த நோயாளிகள் பேசக் கேட்டுக் கற்ற வங்காளி முழுவதும் மரியாதை வங்காளி. ‘ஜாபேன்’ என்பது ‘போவீர்கள்’. ‘ஆசுன்’ என்பது ‘வாருங்கள்’. அவர்களுக்கு அதைவிடத் தாழ்ந்த வங்காளி தெரியாது, ஏனென்றால் யாரும் அவர்களிடம் அப்படிப் பேசவில்லை. இங்கிருந்து போன தமிழைப் பாருங்கள். ராணிப்பேட்டை தொழிற்பேட்டையிலும், ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும், கட்டட வேலையிலும், ஓட்டலில் மேஜை துடைத்தும் நம் தமிழைக் கற்ற பையன்கள் பேசுவது முழுக்க வா, போ, எடு, நீ. யாருக்குமே ‘ங்க’ வரவில்லை. அவர்கள் நாக்கில் குறை இல்லை. ஒரு மொழியைக் காதால் கற்றவன் எந்தப் படியில் நிறுத்தப்பட்டான் என்பதை அவன் பேச்சே சொல்லிவிடுகிறது. நாம் அவர்களிடம் என்ன பேசினோம் என்பதற்கு அவர்களுடைய தமிழ் ஒரு பதிவு.

வெளி மாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க முன்வருகிறவர்கள் இப்போது அங்கங்கே இருக்கிறார்கள். ஆம்பூரில் அப்படி ஒரு மாலை வகுப்பு நடத்தும் தோழி, முதல் பாடத்துக்குச் சொற்கள் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். தண்ணீர், சம்பளம், லீவு, வலிக்குது, எவ்வளவு என்று எழுதினேன். வினைகளை மட்டும் இரண்டு வரிசையாக எழுதினேன்: வா, வாங்க, போ, போங்க, சொல்லு, சொல்லுங்க. முதல் வரிசை அவர்களுக்குத் தெரியும். இரண்டாவது வரிசையை அவர்கள் சொல்லக் கற்பது பாதி வேலைதான், ஃபோர்மேன்களும் சூப்பர்வைசர்களும் அதைச் சொல்லக் கற்க வேண்டும் என்று தோழியிடம் சொன்னேன். அவர்களையும் ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கலாமா என்று கம்பெனிக்காரர்களிடம் கேட்டிருக்கிறார். ஒருவர் சரி என்றிருக்கிறார். அவருடைய ஆட்களுக்கான தாளில் குடுக், வங்காளம், இந்தி, தமிழ் என்று நான்கு பத்தி போட்டு, முதல் வரியில் நீன், துமி, தும், நீ என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரியில் தமிழுக்கு நேரே நீங்க.